செட்டிநாட்டு வீட்டில் வெப்பத்தை அளந்து மின்சாரத்தைச் சேமிப்பது: சென்சார் அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

சித்திரை பிறந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் பகல் வெயில் 38 டிகிரியைத் தொடுவது வழக்கம். அந்த வெயிலைத் தாங்குவதற்கென்றே கட்டப்பட்ட பெரிய வீடுகளில்கூட இப்போது அறைக்கு ஒரு ஏசி ஓடுகிறது. மின்கட்டணம் ஏறுவது எல்லோருக்கும் தெரிகிறது. வீட்டின் எந்தப் பகுதி எந்த நேரத்தில் எவ்வளவு சூடாகிறது என்பது மட்டும் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை.

ஏசியைத் தானாக இயக்குவதும் நிறுத்துவதும்தான் ஸ்மார்ட் சென்சாரின் பயன் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் வட்டார வீடுகளைப் பொறுத்தவரை அது மூன்றாவது, நான்காவது பயனே. கதவையும் சன்னலையும் எந்நேரம் திறக்க வேண்டும், எந்நேரம் மூட வேண்டும் என்று சொல்வதே சென்சாரின் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. ஒரு காலத்தில் வளவு (வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) நிறைய ஆட்கள் இருந்தபோது அதைப் பழக்கத்தாலேயே செய்தார்கள். இன்று அதே வீட்டில் வயதான இருவரோ, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரோதான் இருக்கிறார்கள். உரிமையாளர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். விட்டுப்போன அந்தக் கவனிப்பைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்பதனால்தான் இந்த வேலையை வற்புறுத்திச் சொல்கிறேன்.

முதற்படி: வீட்டின் வெப்பப் போக்கை அறிதல்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, வளவைச் சுற்றிய அறைகள், இரண்டாங்கட்டு (வளவுக்குப் பின்னுள்ள பகுதி), அடுப்படி, மேல்மாடி என ஒவ்வொன்றுக்கும் அதன் சுவர் எதனால் ஆனது, கூரை எது, வெயில் எப்பக்கமிருந்து விழுகிறது என்று குறிக்க வேண்டும்.

செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு ஒன்றரை அடி கனத்துக்கு எழுப்பிய சுவர், பகலில் வாங்கிய வெப்பத்தை உடனே உள்ளே விடுவதில்லை; பல மணி நேரம் கழித்து, இரவு தொடங்கிய பிறகே அது அறைக்குள் வந்து சேர்கிறது. நடுவில் திறந்திருக்கும் வளவு வாசல் வழியாகச் சூடான காற்று மேலெழுந்து வெளியேற, இரவின் குளிர்ந்த காற்று அதே வழியாகக் கீழிறங்கி அறைகளுக்குள் பரவுகிறது. இந்தச் சுழற்சி நடந்தால்தான் மறுநாள் பகலில் வீடு குளிர்ச்சியாக இருக்கும். வளவு வாசலின் மேல் பாதுகாப்புக்கென்று கண்ணாடித் தகடோ பாலிகார்பனேட் தகடோ போட்டு முழுதும் அடைத்த வீடுகளில் மேலெழும் வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை. அப்படி அடைத்திருந்தால் தகட்டுக்கும் சுவருக்கும் இடையில் சுற்றிலும் காற்றுப் போக இடைவெளி விட்டுக் கம்பிவலை அடிப்பது, எந்தக் கருவியையும்விட அதிகப் பலன் தரும்.

புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீடுகளின் கதை வேறு. அங்கே சுவர் மெல்லியது. வெப்பத்தின் பெரும்பங்கு மொட்டைமாடித் தளத்தின் வழியாக இறங்குகிறது. மாலை மங்கிய பிறகும் தளத்தின் அடிப்புறம் சூட்டை உமிழ்ந்துகொண்டே இருப்பதால், வெளியே காற்று குளிர்ந்த பின்னும் படுக்கையறை புழுங்குகிறது.

இரண்டாம் படி: எவ்வளவு, எத்தகைய சென்சார்

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் சென்சார்கள் ஐந்து அல்லது ஆறு தொடக்கத்துக்குப் போதும்: வெளியே ஒன்று, வளவில் ஒன்று, அதிகம் புழங்கும் இரண்டு அறைகளில் தலா ஒன்று, மேல்மாடியில் ஒன்று. அறைக்கு அறை வாங்கிக் குவிப்பது வீண்.

கடையில் கிடைக்கும் பட்டன் பேட்டரி ஜிக்பீ சென்சார்கள் (குறைந்த மின்சாரத்தில் கம்பியில்லாமல் செய்தி அனுப்புபவை) எளிமையானவை. ஒருமுறை பேட்டரி போட்டால் பல மாதங்கள் ஓடும். கைவேலை தெரிந்தவர்கள் ஈஎஸ்பி32 என்ற வைஃபை வசதியுள்ள சிறு மின்னணுப் போர்டில் சென்சாரைத் தாங்களே இணைக்கலாம். அப்படிச் செய்பவர்கள் டிஎச்டி11 வகையைத் தவிர்க்க வேண்டும். அதன் பிழை இரண்டு டிகிரி வரை போகும், நமக்கு வேண்டிய முடிவுகளோ ஒன்று, ஒன்றரை டிகிரி வேறுபாட்டில் எடுக்கப்படுபவை. டிஎச்டி22 ஏறத்தாழ அரை டிகிரிக்குள் சரியாகச் சொல்லும். எஸ்எச்டி31 அதைவிடத் துல்லியமானது. மொட்டைமாடித் தளத்தின் அடிப்புறத்தை அளக்க, நீர்புகா உறையில் வரும் டிஎஸ்18பி20 பொருத்தமானது.

இவற்றோடு ஏசி உள்ள அறைக்கு ஒரு கதவுச் சென்சார், ஆள் இருப்பதை அறியும் சென்சார், ஏசியின் ரிமோட் வேலையைச் செய்யும் ஐஆர் பிளாஸ்டர், மின்சாரத்தை அளக்கும் மீட்டர் ஆகியவை பின்னால் தேவைப்படும். அவற்றை இப்போதே வாங்க வேண்டாம்.

மூன்றாம் படி: ஒத்துப்பார்த்தல்

பெரும்பாலோர் தாண்டிச் செல்லும் படி இதுதான். இதைச் செய்யாமல் மேலே போவதில் பொருளில்லை. எல்லாச் சென்சார்களையும் ஒரே தட்டில் அருகருகே வைத்து, விசிறி ஓடாத அறையில் ஓர் இரவு முழுதும் விட்டுவிடுங்கள். காலையில் ஒவ்வொன்றும் காட்டும் எண்ணைக் குறித்து, நடு எண்ணிலிருந்து எது எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த வேறுபாட்டைச் செயலியில் திருத்தமாகப் பதிவு செய்ய வேண்டும்.

ஈரப்பதத்தைச் சரிபார்க்க அடுப்படியிலேயே வழி இருக்கிறது. ஒரு சிறிய எவர்சில்வர் மூடியில் இரண்டு கரண்டி தூளுப்பைப் போட்டு, ஈர மணலின் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாக நீர் விடுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. கல்லுப்பில் வேறு உப்புகளும் கலந்திருக்கும் என்பதனால் பொட்டலத்தில் வரும் தூளுப்பே நல்லது. இந்த மூடியையும் சென்சாரையும் ஒன்றையொன்று தொடாமல் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, அரை நாள் கழித்துப் பார்த்தால் உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். சென்சார் 71 காட்டினால் அதற்கு 4 கூட்ட வேண்டும் என்று பொருள்.

நான்காம் படி: வைக்கும் இடம்

அறைக்குள் தரையிலிருந்து நான்கு அல்லது ஐந்து அடி உயரத்தில், படுக்கையறையானால் கட்டில் மட்டத்தில் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, ஏசியின் நேர்க்காற்று, வெயில் படும் சுவர் ஆகியவற்றுக்கு அருகில் வைத்தால் அது அறையின் வெப்பத்தைச் சொல்லாது.

வெளிச் சென்சாரை வடக்குச் சுவரில் மாட்டுங்கள் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும். அந்த அறிவுரை இங்கே பொருந்தாது. காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வெயில் கடுமையான மாதங்களில் வடக்குச் சுவரும் காய்கிறது. ஆகவே திசையை நம்பாமல், ஆழமான தாழ்வாரத்தின் நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், சுவரைத் தொடாமல் தொங்கவிடுவதே சரி. காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் அங்கே வெயில் எட்டவில்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய வீடுகளில் இன்னொரு கவனம் வேண்டும். முட்டை வெண்கருவும் கடுக்காயும் சுண்ணாம்போடு சேர்த்து மெழுகிய வெள்ளைப்பூச்சில் துளை போடவோ, இரட்டைப் பக்க ஒட்டுநாடா ஒட்டவோ கூடாது. நாடாவைப் பிரிக்கும்போது பூச்சின் மேல்தோல் அதோடு உரிந்துவரும். அந்த மினுமினுப்பை மீண்டும் கொண்டுவரத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு. தேக்கு நிலைகளில் தோரணம் கட்ட அடித்த பழைய ஆணிகள் எப்படியும் இருக்கும். அவற்றில் நூல் கட்டித் தொங்கவிட்டால் போதும். பங்காளிகளுக்குப் பொதுவான வளவில் மாட்டுவதானால் முன்கூட்டியே எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை.

ஐந்தாம் படி: இணைப்பு

தடித்த சுவர்கள் வைஃபை அலையையும் தடுக்கும். முகப்பில் உள்ள ரௌட்டரின் அலை இரண்டாங்கட்டை எட்டாமல் போவது இயல்பு. ஜிக்பீ முறையில், மின்சாரத்தில் இயங்கும் ஒவ்வொரு ஜிக்பீ பிளக்கும் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்தும் என்பதால், வளவில் ஒன்றும் இரண்டாங்கட்டு வாசலில் ஒன்றுமாகச் செருகினால் பெரும்பாலும் வீடு முழுதும் எட்டிவிடும். மையக் கருவியாக ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஏற்றிய சிறு கணினியை வைத்தால், இணையம் துண்டிக்கப்பட்டாலும் விதிகள் (‘இப்படியானால் இதைச் செய்’ என்று நாம் எழுதிவைக்கும் கட்டளைகள்) வீட்டுக்குள்ளேயே ஓடும். ரௌட்டரையும் இந்தக் கணினியையும் இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்து, கடவுச்சொல்லைக் கட்டாயம் மாற்றிவிடுங்கள். வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்ற செய்தி அதற்குள் இருக்கிறது.

ஆறாம் படி: இரண்டு வாரம் பார்த்தல்

எதையும் தானியங்கியாக்காமல் இரண்டு வாரம் பதிவை மட்டும் பாருங்கள். ஒவ்வோர் அறைக்கும் மூன்று செய்திகள் வேண்டும்: உச்ச வெப்பம் எத்தனை மணிக்கு வருகிறது, வெளி வெப்பம் உள் வெப்பத்துக்குக் கீழே எத்தனை மணிக்கு இறங்குகிறது, காலையில் எத்தனை மணிக்கு அதைத் திரும்பத் தாண்டுகிறது. இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் சொன்ன அந்த இரு நேரங்கள்தான் இந்த வேலையின் உயிர்நாடி. அவை பருவத்துக்குப் பருவம், நாளுக்கு நாள் மாறும். கடிகாரத்தை மட்டும் பார்த்துச் சன்னலைத் திறப்பவருக்கு அவை பிடிபடமாட்டா.

ஏழாம் படி: திறப்பதும் மூடுவதும்

வெளி வெப்பம் உள் வெப்பத்தைவிட ஒன்றரை டிகிரி குறைந்து, கால் மணி நேரம் அப்படியே நின்றால் திறக்கச் சொல்லும் செய்தி வர வேண்டும்; வெளி வெப்பம் உள் வெப்பத்துக்கு அரை டிகிரி அருகில் ஏறியதும் மூடச் சொல்லும் செய்தி வர வேண்டும். இரண்டு எல்லைக்கும் இடையில் இடைவெளி விடாவிட்டால் ஒரே மணி நேரத்தில் பத்துச் செய்திகள் வந்து, யாரும் அதைப் பொருட்படுத்தாத நிலை ஏற்படும்.

செய்தி யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். கைப்பேசியில் வரைபடமும் எண்ணும் காட்டுவதைவிட, ‘ஆச்சி, வெளியே குளிர்ந்துவிட்டது, மாடிச் சன்னலைத் திறக்கலாம்’ என்று குரலிலோ ஒரு வரியிலோ சொல்வதே பயன்படும். இரவில் கீழ்த்தளக் கதவுகளைத் திறந்துவைப்பது பாதுகாப்பல்ல. கம்பி போட்ட மாடிச் சன்னல்களும் வளவு வாசலும் திறந்திருந்தாலே காற்று ஓடும். அந்தச் சன்னல்களுக்குக் கொசுவலை அடித்துவிட்டால் இரவு முழுதும் திறந்துவைக்கத் தயக்கம் இராது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த விதியை நிறுத்திவைக்க வேண்டும். அப்போது வெப்பம் குறைவு, ஈரம் மிகுதி; திறந்து வைத்தால் குளிர்ச்சியைவிட ஈரமே உள்ளே சேரும், துணியிலும் புத்தகத்திலும் பூஞ்சை பிடிக்கும்.

கோடைப் பகலில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடும் பழக்கமுள்ளவர்களுக்கு ஈரப்பத அளவு நேரடியாக உதவும். வெளியே 38 டிகிரியும் 35 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், நீர் ஆவியாவதால் காற்று குளிரக்கூடிய கீழெல்லை ஏறத்தாழ 26 டிகிரி. தட்டி அந்த எல்லையைத் தொடாவிட்டாலும் நல்ல வேறுபாட்டைத் தரும். 34 டிகிரியும் 65 விழுக்காடும் என்றால் எல்லையே 28-ஐத் தாண்டிவிடும். அப்போது தட்டியை நனைப்பதால் புழுக்கந்தான் கூடும். ஈரப்பதம் 45-க்குக் கீழே இருக்கும்போது மட்டும் நனைக்கச் சொல்லி ஒரு விதி எழுதிவைக்கலாம்.

எட்டாம் படி: மின்விசிறி

விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி முழு வீண். ஆகவே ஆளிருப்பதை அறியும் சென்சார் இங்கே பயன்படும். ஆனால் பரவலாக விற்கும் பிஐஆர் வகை, உடலின் சூட்டுக்கும் பின்னாலுள்ள சுவரின் சூட்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கொண்டே ஆளை அறிகிறது. அக்னி நட்சத்திரத்தில் அறையே 35 டிகிரிக்கு ஏறும்போது அந்த வேறுபாடு சுருங்கி, சென்சாரின் பார்வை மங்குகிறது. அசையாமல் படுத்திருப்பவரை அது எந்நாளும் சரியாகக் காண்பதில்லை. பகல் தூக்கத்தில் இருக்கும் பெரியவரின் விசிறி திடீரென்று நின்றுபோவதற்கு இதுவே காரணம். நம் ஊர் வெயிலுக்கு மூச்சின் அசைவைக்கூட அறியும் எம்எம்வேவ் ரேடார் வகையே ஏற்றது. விலை சற்றுக் கூடினாலும் இதில் கஞ்சம் பார்க்காதீர்கள்.

சாதாரண விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி எனப்படும் சிக்கன மோட்டார் விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சமாகும். சென்சார் வாங்கும் பணத்தில் முதலில் இதைச் செய்வது தவறாகாது.

ஒன்பதாம் படி: ஏசி

பழைய வீட்டு அறைகளின் உயரம் பன்னிரண்டு, பதினான்கு அடி. சூடான காற்று மேலே தேங்க, ஏசியும் மேலேதான் மாட்டப்பட்டிருக்கிறது. ஏசியின் உள்ளே உள்ள வெப்பமானி அந்த மேற்காற்றை அளந்து அறை இன்னும் சூடாக இருப்பதாக எண்ணுகிறது. கட்டில் மட்டத்திலோ ஏற்கெனவே போதிய குளிர்ச்சி வந்திருக்கும். இந்த இடைவெளியில்தான் மின்சாரம் வீணாகிறது. கட்டில் மட்டச் சென்சார் 26.5 காட்டினால் ஐஆர் பிளாஸ்டர் வழியாக ஏசியின் அளவை ஒரு டிகிரி உயர்த்தும்படியும், 27.5-க்கு மேல் போனால் ஒரு டிகிரி குறைக்கும்படியும் விதி எழுதி, விசிறியை மெதுவாக ஓடவிட்டு மேற்காற்றைக் கலக்கவிடுங்கள். ஏசியின் அளவை ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு கூறுகிறது. நட்சத்திரக் குறியிட்ட அறை ஏசிகள் 2020 முதல் தொடக்க அளவாக 24 டிகிரியோடுதான் வருகின்றன. 26, 27-இல் விசிறியோடு உறங்கிப் பழகினால் 24 தேவையில்லை என்பது தெரியவரும்.

தடித்த சுவர் இங்கே எதிராகவும் வேலை செய்யும். பகல் முழுதும் சூடேறிய சுவருக்கு நடுவில் ஏசியைப் போட்டால் அது காற்றோடு சேர்த்துச் சுவரையும் குளிர்விக்கப் போராடும். திறக்கும் செய்தி வந்த பிறகு ஒரு மணி நேரமாவது அறையில் வெளிக்காற்றை ஓடவிட்டு, பின்பு மூடி ஏசியைப் போடுவது நல்லது. கதவுச் சென்சார் இரண்டு நிமிடத்துக்கு மேல் திறந்த கதவைக் கண்டால் ஏசியை நிறுத்தட்டும். நிறுத்திய பின் மூன்று நிமிடமாவது கழித்தே மீண்டும் இயக்க வேண்டும், கம்ப்ரஸருக்கு அந்த ஓய்வு தேவை. ஏசியின் மின்னோட்டத்தை ஸ்மார்ட் பிளக் வழியாகத் திடீரென்று துண்டிக்காதீர்கள். எப்போதும் ரிமோட் கட்டளை வழியாகவே நிறுத்துங்கள்.

பத்தாம் படி: மின் பாதுகாப்பு

மரப்பட்டையில் ஓடும் பழைய வயரிங் உள்ள வீடுகளில், ஸ்மார்ட் சுவிட்ச் பொருத்தும் முன் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த் இணைப்பைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) போட்டுவிட வேண்டும். ஏசிக்குத் தனி வயரும் 16 ஆம்பியர் பிளக்கும் வேண்டும். சுவரில் உள்ள சாதாரண சுவிட்சுகள் எப்போதும்போல் வேலை செய்ய வேண்டும்; கைப்பேசி இல்லாமல் விசிறி போட முடியாத வீட்டில் பெரியவர்கள் வாழ முடியாது.

பதினோராம் படி: சேமிப்பைக் கணக்கிடுதல்

வரைபடம் அழகாக இருப்பதால் பணம் மிச்சமாகிவிடாது. ஏசி இணைப்பில் ஒரு மீட்டரும் மெயின் இணைப்பில் ஒரு மீட்டரும் வைத்து, அன்றாட யூனிட்டை அன்றைய வெளி வெப்பத்தின் உச்சத்தோடு பதிவு செய்யுங்கள். மே மாதத்தையும் ஜூலையையும் ஒப்பிட்டு மகிழ்வது பொருளற்றது. 37 டிகிரி உச்சம் வந்த நாளை, விதிகளுக்கு முன் அதே உச்சம் வந்த நாளோடு ஒப்பிட வேண்டும். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள், யூனிட் கூடக்கூட விலைப்படியும் ஏறுகிறது. ஆகவே கணக்கெடுப்புத் தேதியிலிருந்து ஓடும் கூட்டுத்தொகையைக் காட்டி, அடுத்த படியை நெருங்கும்போது எச்சரிக்கும் விதி ஒன்று வைத்தால், மேற்படியில் விழும் அந்தக் கடைசி யூனிட்டுகளைத் தவிர்க்கலாம்.

கருவிகளின் செலவையும் கணக்கில் சேருங்கள். ஒரு வைஃபை பிளக் தன் வேலைக்கே ஏறத்தாழ ஒரு வாட் எடுக்கும். பத்துப் பிளக்குகள் இரவும் பகலும் இருந்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட் போய்விடும். பயன்படாதவற்றைக் கழற்றிவிடுங்கள்.

கான்கிரீட் வீட்டுக்காரர்கள் தளத்தின் அடிப்புறச் சென்சாரை இரவு ஒன்பது மணிக்குப் பார்க்க வேண்டும். அது அறைக் காற்றைவிட நான்கைந்து டிகிரி மேலே நின்றால், அடுத்து செலவிட வேண்டிய இடம் ஏசியோ மேலும் ஒரு சென்சாரோ அல்ல, மொட்டைமாடிதான். தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பியனுப்பும் பூச்சோ அடித்து, அதே ஒன்பது மணி எண்ணை மீண்டும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். வேறுபாடு இரண்டு டிகிரிக்குள் இறங்கியிருந்தால் படுக்கையறை ஏசியின் அளவை உயர்த்திவைக்கலாம்; இறங்கவில்லையென்றால் பூச்சின் கனத்தையும், மாடியில் தேங்கிய தூசியையும் சோதித்து, வெயில் தணிந்த ஒரு மாலையில் இரண்டாம் பூச்சு அடிக்க வேண்டும்.